ஒரு சாண் இடைவெளி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு நிரூபாவின் அழைப்பு வந்தபோது வாகீசன் ரொறன்ரோவின் மேற்கிலுள்ள ரெக்ஸ்டேலை நோக்கி 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தான். முதல் நாள் மாலை தொடங்கிய பனி இன்னும் ஓயவில்லை. ஏரிப் பக்கமிருந்து வீசிய கிழக்குக் காற்று அதைச் சாய்வாக அடித்து வீட்டுச் சுவர்களில் குவித்துக்கொண்டிருந்தது. ஃபேர்னஸ் நின்றுபோய்விட்டது, வீடு விறைக்கிறது என்று விடிவதற்குள் மூன்று வீட்டார் அவனைத் தேடிவிட்டார்கள். வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைத் திருத்துவதுதான் அவன் தொழில். சொந்த வான் வண்டி, சொந்தப் பெயர், உதவிக்கு ஆள் கிடையாது.

சனிக்கிழமை அவன் அடுப்புப் பூட்டிக் கொடுத்த வீட்டுக்காரி நிரூபா, வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் பேசினாள். அவளுக்குப் பின்னால் ஏதோ விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"அண்ணை, அடுப்புக் கண்ணாடி எல்லாம் கறுத்துப்போச்சு. நெருப்பும் முதல் நாள் மாதிரி இல்லை. சோம்பலா ஆடுது. படியடியில இருக்கிற அலாரமும் நிக்காமல் கத்துது."

"அது புது அடுப்பு, தங்கச்சி. பெயின்ற் சூட்டில காயேக்க அலாரம் கத்தும். அதைப் பிளக்கில இருந்து கழட்டி வையுங்கோ. நாளைக்குப் பின்னேரம் வந்து பாக்கிறன்."

பயமில்லையா என்று அவள் இன்னொரு தரம் கேட்டாள். பயமில்லை என்று அவன் சொன்னான். புகைக்கான அலாரமா, காபன்மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கான அலாரமா கத்துகிறது என்று அவன் கேட்கவில்லை. முன்னால் போன லொறி திடீரென்று பிரேக் அடித்தது. போனை வைத்துவிட்டான்.

நிரூபாவும் அவள் கணவன் ஜெனோசனும் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில், வயல்களை அழித்து எழுப்பிய புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி இரண்டு வருடம். ஜெனோசனுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் தூங்க அவனுக்கு வாய்த்த இடம் நிலக்கீழ் அறைதான். மாரியில் அங்கே குளிர் எலும்பைக் குடைந்தது. அதற்காகத்தான் பெலற் அடுப்பு வாங்கினார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளைத் தானாகவே கொட்டி, விசிறியால் காற்றிழுத்து எரிக்கும் அடுப்பு அது. அதற்குச் சுவரைத் துளைத்து இரண்டு குழாய்கள் போகவேண்டும். ஒன்று புகையை வெளியே தள்ளும். மற்றது நெருப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்.

இரண்டும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது என்று கையேட்டில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். சனிக்கிழமை அடுப்பைப் பூட்டப் போனபோது வாகீசன் அந்தப் படத்தைப் பார்த்தான். ஆனால் கிழக்குச் சுவரின் ஒரு பக்கம் காஸ் மீற்றர் இருந்தது, மறுபக்கம் மரத்தளம். காற்றுக்குழாயைத் தள்ளிக் கொண்டுபோக நீளக் குழாயும் வளைவுகளும் வேண்டும். வானில் அவை இல்லை. நேரம் நாலரையாகிவிட்டது. ஜெனோசன் அன்றைக்கே மூட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். வாகீசன் புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காற்றுக்குழாய்க்கும் துளை போட்டான். அடுத்த கிழமை வந்து தள்ளி வைத்துத் தருகிறேன் என்று சொன்னான். சொல்லாமல் விட்டது ஒன்றும் உண்டு. அவனிடம் இருந்த லைசன்ஸ் காஸ் வேலைக்கு உரியது. மரம் எரிக்கும் அடுப்புகளுக்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் வேண்டும். அது அவனிடம் இல்லை.

ரெக்ஸ்டேலில் இரண்டு வீடுகளை முடித்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனபோது பதினொன்றரை. வீட்டுக்காரர் வெங்கட் மதுரைக்காரர், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர். ஃபேர்னஸ் காலையிலிருந்து தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கிறது என்றார். இந்த மாதிரி நாளில் முதலில் பார்க்கவேண்டியது வெளிக் குழாய்களை. வாகீசன் மண்வெட்டியோடு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனான். பனி இடுப்புயரத்துக்குச் சுவரில் சாய்ந்து கிடந்தது. குழாய்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டினான்.

மேலோடு உடைந்ததும் உள்ளே ஒரு பொந்து தெரிந்தது. புகைக்குழாயின் சூடு பனியை உள்ளுக்குள் உருக்கி, பானை வயிறு போல ஒரு வெற்றிடத்தை உண்டாக்கியிருந்தது. இரண்டு குழாய்களின் வாயும் அந்தப் பொந்துக்குள்தான் இருந்தன. ஒன்று கக்கியதை மற்றது திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று நுழைய வழியில்லை. ஃபேர்னஸ் அதைக் கண்டுபிடித்து ஒவ்வொரு முறையும் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது.

வாகீசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பொந்தையே பார்த்தான்.

விட்பி வீட்டுச் சுவரும் கிழக்கைப் பார்த்தது. அங்கேயும் இரவு முழுக்க இதே காற்று. அங்கே இரண்டு வாய்களுக்கும் இடையில் ஒரு சாண். அந்த அடுப்போ குழாயில் காற்று ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும். எப்படிப்பட்ட காற்று என்று பார்க்காது. தன் புகையைத் தானே குடித்து, மூச்சுத் திணறித் திணறி எரியும். கண்ணாடி கறுக்கும். சுவாலை சோம்பலாக ஆடும். நிரூபா சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது வரிசையாக வந்து நின்றது. குறை எரிவில் உண்டாகும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. கதவு விளிம்பாலும் குச்சி கொட்டும் பெட்டியின் மூடியாலும் கசிந்து அறையை நிறைக்கும். அதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொருள். அதைத்தான் கழற்றி வைக்கச் சொன்னான்.

ஒன்பது மணிக்கு ஜெனோசன் வேலையால் வந்திருப்பான். சாப்பிட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்திருப்பான்.

கையுறையைக் கழற்றி ஜெனோசனுக்கு அழைத்தான். மணி போய்ப் போய் நின்றது. மறுபடி அழைத்தான். மூன்றாம் தரமும் எடுக்கவில்லை. நிரூபாவுக்கு அடித்தான். அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்பவள். வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் கிடக்கும். அதுவும் அடித்து ஓய்ந்தது. இரவு வேலை செய்கிறவன் பகலில் போனை ஊமையாக்கிவிட்டுத்தான் படுப்பான். தூங்குகிற மனிதனின் போனும் இறந்துபோன மனிதனின் போனும் ஒரே மாதிரித்தான் அடிக்கும்.

வெங்கட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. உடம்பு சரியில்லையா?"

வாகீசன் குழாயடியைச் சுத்தம் செய்துவிட்டதாகவும் ஃபேர்னஸ் இனி வேலை செய்யும் என்றும் சொல்லிவிட்டு வானுக்கு ஓடினான். மண்வெட்டி அங்கேயே கிடந்தது.

அப்போது நேரம் பதினொன்று நாற்பது. அவன் செய்யவேண்டியது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவசர உதவிக்கான மூன்று இலக்கங்களை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் வானைக் கிளப்பினான். தீயணைப்பு வண்டி போனால் அடுப்பைப் பார்ப்பார்கள். அடுப்பைப் பார்த்தால் பூட்டியது யார் என்று கேட்பார்கள். சான்றிதழ் எங்கே என்பார்கள். இருக்கிற லைசன்ஸும் போகும், வழக்கு வரும், அவன் குடியிருக்கும் மோர்னிங்சைட் முழுக்கக் கதைக்கும். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். ஜெனோசன் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம். நானே போய் அடுப்பை அணைத்து, குழாயைத் தள்ளி வைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

நெடுஞ்சாலையில் ஏறினான். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். போனில் இருந்த வழிகாட்டி விட்பிக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் காட்டியது. திரும்பவும் ஜெனோசனுக்கு அழைத்தான். மணி போய்க்கொண்டேயிருந்தது. வானுக்குள் சூடு போட்டிருந்தும் விரல்கள் மரத்தன.

ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் என்ற எழுத்து ஒரு மணி நாற்பதாக மாறியது. அதைப் பார்த்ததும் வானைச் சாலையோரம் ஒதுக்கி 911 ஐ அழுத்தினான். அப்போது பதினொன்று ஐம்பத்தாறு.

எந்த நகரம் என்று ஒரு பெண் கேட்டாள். விட்பி என்றதும் அந்தப் பகுதிக்கு மாற்றினாள். அங்கே ஓர் ஆண் குரல் முகவரி கேட்டது. வாகீசனுக்கு இலக்கம் நினைவில் வரவில்லை. அந்தத் தெருவையும் சாம்பல் கதவையும் கண்ணுக்குள் கண்டான், இலக்கம் மட்டும் வரவில்லை. போன வாரத்துக் குறுஞ்செய்திகளைத் தள்ளித் தள்ளித் தேடினான். மரத்த விரல் இரண்டு தரம் பிழையான இடத்தைத் தொட்டது. கடைசியில் கண்டுபிடித்து வாசித்தான்.

ஆள் மூச்சு விடுகிறாரா என்று அந்தக் குரல் கேட்டது. தெரியாது. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா? இல்லை. நீங்கள் அந்த வீட்டில் இல்லையென்றால், அங்கே நச்சுவாயு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கார்கள் வானை ஒட்டி ஊர்ந்து போயின. வாகீசன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த அடுப்பைப் பூட்டியது நான். காற்றை இழுக்கும் குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அலாரம் இன்று காலை கத்தியது. அதைக் கழற்றி வைக்கச் சொன்னதும் நான்தான்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வண்டி புறப்படுகிறது என்றது குரல். அவனுடைய பெயரைக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவிப்பீர்களா என்று கேட்டான். அது தங்களால் முடியாது என்றார்கள். இணைப்பு நின்றது. பதினொன்று ஐம்பத்தாறு.

அதன்பிறகு பயம் இன்னும் கூடியது. அதுவரை செய்வதற்கு ஒன்று இருந்தது, இப்போது ஓட்டுவதைத் தவிர எதுவுமில்லை. நிரூபா வேலை செய்யும் இடத்தின் பெயர் நினைவிருந்தது. தேடி அழைத்தான். வரவேற்பில் இருந்த ஸ்டெபனி என்ற பெண், நிரூபா நோயாளியோடு நிற்கிறாள், செய்தி இருந்தால் தாருங்கள் என்றாள். அவளுடைய வீட்டில் ஆபத்து, உடனே கூப்பிடுங்கள் என்றான். காத்திருக்கும் நேரத்துக்கு வைத்திருந்த இசை ஓடியது. பிறகு நிரூபாவின் குரல் கேட்டது.

"அண்ணை? என்ன?"

"ஜெனோ எங்க படுத்திருக்கிறார்?"

"கீழதான். ஏன்?"

"அடுப்பு எரியுதோ?"

"ஓம். அவர் வாறதுக்கு முன்னமே நான்தான் மூட்டிவிட்டனான், அறை சூடா இருக்கட்டும் எண்டு."

"நிரூபா, வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி போகுது. நான்தான் கூப்பிட்டனான். அலாரம் கத்தினது பெயின்றுக்கு இல்லை. உள்ளுக்க நச்சுவாயு. என்ர பிழை."

அழுவாள், கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"நான் உங்களிட்ட ரெண்டு தரம் கேட்டனான்."

"ஓம்."

போன் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. ஸ்டெபனி யாரையோ கூப்பிட்டு, காரை நீ ஓட்டாதே, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்வது தூரத்தில் கேட்டது.

மோர்னிங்சைட்டைத் தாண்டும்போது மனைவி மயூரி அழைத்தாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கத்தான் எடுத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். இப்போது ஓட்டத்தில் மட்டும் கவனமாக இருங்கள், அங்கே போய் ஒன்றையும் ஒளிக்காதீர்கள் என்று அவள் சொன்னாள். இன்னொருவனையும் வழியில் கொன்றுவிடாதீர்கள் என்று அவள் சொல்லாமல் விட்டது அவனுக்குக் கேட்டது.

விட்பித் தெருவுக்குள் திரும்பியபோது ஒன்று இருபது. இரண்டு தீயணைப்பு வண்டிகள் நின்றன. அம்புலன்ஸ் இல்லை. அது ஏற்கெனவே போய்விட்டதா, அல்லது இனித் தேவையில்லை என்று திரும்பிவிட்டதா? சாம்பல் கதவு உடைந்து தொங்கியது. வீட்டின் யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. திரைச்சீலைகள் வெளியே பறந்தன. கதவடியில் ஜெனோசனின் வேலைச் சப்பாத்துகள், மாவு படிந்தபடி, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் வாகீசனுக்கு மேலே நடக்க முடியவில்லை.

தீயணைப்புக் குழுவுக்குப் பொறுப்பாக நின்ற பெண் அவனிடம் வந்தாள். உடுப்பில் மெலிசா என்று எழுதியிருந்தது. நீங்கள்தானா அழைத்தவர் என்று கேட்டாள். தலையாட்டினான். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டான். மூச்சு இருந்தது, நினைவு இருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். கட்டிலில் அல்ல, படிக்கட்டில் கண்டெடுத்தார்களாம். நான்காவது படியில் முகங்குப்புற, ஒரு கை மேல் படியைப் பிடித்தபடி. எழுந்திருக்கிறான், ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது, ஏறப் பார்த்திருக்கிறான்.

"இன்னும் அரை மணி போயிருந்தால் நாங்கள் வந்தும் பயனில்லை" என்றாள்.

பிறகு கிழக்குச் சுவருக்குக் கூட்டிப்போனாள். பனியை வெட்டி விலக்கியிருந்தார்கள். இரண்டு குழாய் வாய்களும் அருகருகே, கரி படிந்து தெரிந்தன. சுற்றிலும் பொந்தின் சுவர் பழுப்பு நிறமாக உறைந்திருந்தது. அவள் கையுறைக் கையை விரித்து இரண்டுக்கும் நடுவே வைத்தாள். அவளுடைய கை அந்த இடைவெளியை முழுதாக மூடியது. அவள் திட்டவில்லை. படம் எடுத்தாள், கேட்டாள், எழுதினாள். எப்போது பூட்டினீர்கள், சான்றிதழ் உண்டா, கையேட்டைப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்றான். பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மயூரி சொன்னது நினைவு வந்தது.

ஆஸ்பத்திரியில் நிரூபா சீருடையோடேயே இருந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. உள்ளே விட மாட்டார்கள், கொஞ்ச நேரத்தில் ரொறன்ரோ நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறார்கள், அங்கே அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுப்பார்களாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கண் விழித்தாலும் மூளையில் என்ன தங்கியிருக்கும் என்று வாரக்கணக்கில் பார்க்கவேண்டுமாம். அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"உங்களுக்கு எத்தினை மணிக்கு விளங்கினது?"

"பதினொண்டு நாப்பது."

"எத்தினை மணிக்கு 911 அடிச்சனீங்கள்?"

பொய் சொல்லலாம். இடையில் எவ்வளவு நேரம் போனது என்று அவனைத் தவிர யார் கணக்குப் பார்க்கப்போகிறார்கள்?

"ஐம்பத்தாறு."

"அந்தப் பதினாறு நிமிசமும் என்ன செய்தனீங்கள்?"

"பயந்துகொண்டு இருந்தனான்."

"ஆரை நினைச்சு?"

"என்னை நினைச்சு."

அவள் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவுக்கு அப்பால் இருந்த தாதியிடம் போனாள். அவன் அங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்தது.

வானில் ஏறி மயூரிக்கு நடந்ததைச் சொன்னான். அவள் கேட்டாள்:

"தில்லையம்பலம் அங்கிளுக்கும் உந்த அடுப்பு நீங்கள்தானே பூட்டினனீங்கள்?"

ஓம், பூட்டியிருந்தான். போன மாரியில், அதே மோர்னிங்சைட்டில், தங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மனைவியை இழந்து தனியாக இருக்கும் மனிதர். கராஜை ஓர் அறையாக்கி, நாள் முழுக்க அங்கேயே வானொலியோடு இருப்பவர். குழாயை எங்கே வைத்தோம்? தள்ளித்தான் வைத்ததாக நினைவு. ஆனால் அந்த நினைவை இப்போது எப்படி நம்புவது? அவருக்கு அழைத்தான். அவரும் எடுக்கவில்லை.

இந்தத் தடவை அவன் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. நீ ஓடு, கதவு திறக்காவிட்டால் உடனே 911 அடி, என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே என்று மயூரியிடம் சொன்னான். அவள் சப்பாத்துப் போடும் சத்தம், கதவு, பிறகு பனிக்குள் மூச்சு வாங்க நடக்கும் சத்தம். அவன் போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் கண்ணை மூடியபடி இருந்தான். கராஜ் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். "அங்கிள்" என்று கூப்பிட்டாள்.

"ஆரது?" என்று ஒரு எரிச்சலான குரல் கேட்டது.

வாகீசன் அழுதான். அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

ஐந்து மணிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது தில்லையம்பலம் அடுப்பை அணைக்க மறுத்துக்கொண்டிருந்தார். மயூரி பக்கத்துக் கதிரையில், கதவைக் கையகலம் திறந்து வைத்தபடி காவலிருந்தாள். போன மாரி முழுக்க ஒரு குறையுமில்லாமல் எரிந்த அடுப்பு, உமக்கு இப்ப என்ன வந்தது என்று அவர் கேட்டார். வாகீசன் டோர்ச்சோடு சுவரடிக்குப் போய்ப் பார்த்தான். காற்றுக்குழாய் மூலையைத் தாண்டி, பனி எட்டாத உயரத்தில் இருந்தது. இங்கே ஒழுங்காகத்தான் செய்திருந்தான். அப்போதும் அவனுக்கு நெஞ்சு ஆறவில்லை.

உள்ளே வந்து நின்றபடியே, விட்பியில் நடந்ததை அவரிடம் முழுதாகச் சொன்னான். கோயில் சபையில் நாற்பது பேரோடு பழகுகிறவர் அவர். அவரிடம் சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் ஸ்காபரோ முழுவதும் தெரிந்துவிடும். அது தெரிந்தேதான் சொன்னான். சான்றிதழ் இல்லாததையும் சொன்னான்.

தில்லையம்பலம் குனிந்து தானே பொத்தானை அழுத்தி அடுப்பை அணைத்தார். விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

"பெடியன் தப்புவானோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை, அங்கிள்."

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை மத்தியானம் நிரூபாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஜெனோசன் கண் விழித்துவிட்டான், அவளுடைய பெயரைச் சொன்னான், எந்த மாதம் என்று கேட்டதற்குப் பிழையாகச் சொன்னான். அதன் கீழே இன்னொரு வரி. இது உங்களுக்கு ஆறுதலுக்காக அல்ல, தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக அனுப்புகிறேன். வாகீசன் பதில் எழுதி எழுதி அழித்தான். கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

விசாரணை நடந்தது. அவன் எதையும் மறுக்கவில்லை. லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள், தண்டமும் விதித்தார்கள். வானை விற்றுவிட்டு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கப் போனான். எதிர்பார்த்தபடியே ஊர் கதைத்தது. முன்பு அதுதான் பெரிய பயமாக இருந்தது. வந்தபோது அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வேறொரு பயம்தான் போகாமல் இருந்தது. மயூரி குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போய்க் கதவைத் தட்டுவான். யாராவது போனை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பான்.

ஏப்ரல் மாதக் கடைசியில், மார்க்கம் வீதித் தமிழ்க் கடையொன்றில் மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெனோசனைக் கண்டான். மெலிந்திருந்தான். கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பெயர் என்று யோசிப்பவன் போல நின்றான். வாகீசனுக்குக் கூடையை வைத்துவிட்டு வெளியே போய்விடவேண்டும் போலிருந்தது. அதற்குள் ஜெனோசன் பார்த்துவிட்டான். கிட்ட வந்தான்.

"அண்ணை" என்றான். சொற்களுக்கிடையில் சின்னச் சின்ன இடைவெளி விட்டுப் பேசினான். "எனக்கு அந்தக் கிழமை நினைவில இல்லை. அடுப்பு வாங்கினது ஞாபகம். பிறகு ஆஸ்பத்திரி. நடுவில ஒண்டுமில்லை. நிரூபாவிட்ட கேட்டால் எழும்பிப் போயிடுறாள்."

வாகீசன் அவன் முகத்தைப் பார்த்தான். அங்கே கோபம் இருக்கிறதா என்று தேடினான். இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று நின்றது. தன்னுடைய வாழ்க்கையிலிருந்து சில நாட்கள் காணாமல் போன ஒருவனின் பயம்.

"நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

கடைக்கு வெளியே உட்கார ஒரு வாங்கு இருந்தது. இருவரும் அதில் போய் இருந்தார்கள். வெயில் அடித்தது. வாகீசன் இரண்டு கைகளையும் முழங்கால்களில் அழுத்தி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணியிலிருந்து சொல்லத் தொடங்கினான்.